வெள்ளிக்கிழமை மயக்கம்

மாதவிக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏன் தலை சுற்றுகிறது என்று அவள் கணவன் ஜெய்ராமுக்குப் புரியவில்லை. மற்ற நாட்களிலும் அதே குளியலறை, அதே வெந்நீர்தான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் சுவரைத் தடவியபடி வெளியே வந்தாள். போன வாரம் ஈரத் துண்டோடு கட்டிலில் சாய்ந்தவள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

"எண்ணெய் தேய்ச்சுண்டா அசத்தத்தான் செய்யும். எங்காத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

"வாந்தி கூடவா வரும்?"

"சீயக்காய் புதுசு. நீங்க பேங்க் வேலையைப் பாருங்கோ, டாக்டர் வேலை வேண்டாம்."

மாசி மாதம். பவானிபூரில் காலைக் குளிர் இன்னும் விடவில்லை. இந்த வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை என்பதால், மகள் சாதனாவும் தலை நிறைய எண்ணெயோடு குளிக்கப் போயிருந்தாள். ஜெய்ராம் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

எதிர் வீட்டு வங்காளி மாமி, கோஷ் காக்கீமா, கை காட்டிச் சிரித்தாள். "உங்க சுவர்ல ஜோடி ஷாலிக் குடி வந்து ஒரு மாசமாச்சு. ஒத்தையா வந்தாத்தான் கெடுதல். ஜோடின்னா யோகம்!"

குளியலறைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்குள், ஷாலிக் என்று அவள் சொன்ன மைனாக்களில் ஒன்று வைக்கோலோடு நுழைந்தது. அவனும் சிரித்தான். பிறகுதான் அது எந்தக் குழாய் என்று யோசித்தான்.

அது கேஸ் கீஸரின் புகைக்குழாய். தண்ணீர் ஓடும் வரை கீஸருக்குள் நெருப்பு எரியும். புகை அந்த வழியாக வெளியேறும். வழி அடைபட்டால் புகை அறைக்குள்ளேயே தங்கும். காற்று குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். சாதாரண நாளில் ஒரு வாளி நிரம்பியதும் நெருப்பு அணைந்துவிடும். எண்ணெய் போக அலசும் நாளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரத்தலையில் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலையும் சாத்திவிடுவார்கள்.

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"சாதனா!"

ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை.

"பாடிண்டுதானே இருந்தா?" என்றாள் மாதவி. பாட்டு எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பால்கனிக்கு ஓடி, அங்கிருந்த சிலிண்டரை அவன் மூடினான். திரும்பி வந்து கதவைத் தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. சுவரோரம் சரிந்து கிடந்த மகள்மேல் மாதவி துண்டைப் போர்த்த, அவன் அவளைப் பால்கனிக்குத் தூக்கி வந்தான். வெகு நேரம் கழித்து அவள் உதடு அசைந்தது.

"கத்தாதேப்பா. தலை வலிக்கறது."

ஆஸ்பத்திரியில் மாலை வரை ஆக்ஸிஜன் வைத்து, பிழைத்துக்கொண்டாள் என்று அனுப்பினார்கள்.

மறுநாள் ஆள் வந்து கீஸரைக் கழற்றிப் பால்கனிச் சுவரில் மாட்டினான். இனி நெருப்பும் புகையும் வெளியே. வெந்நீர் மட்டும் உள்ளே வரும். பழைய குழாயின் அறைப் பக்கத்தைத் தகடு வைத்து அடைத்து, வெளிப்பக்கத்தை மைனாக்களுக்கே விட்டுவிட்டார்கள்.