நான்காம் துறைமுகம்

சுங்க அதிகாரிக்குத் தாடி உண்டு. எண்ணிப் பார்த்திருக்கிறேன், பதினான்கு புள்ளிகளில் வரைந்த தாடி. என் கப்பல் நான்காம் துறைமுகத்தின் வாசலுக்கு வந்ததும் அவர் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்பார். திரையின் கீழே எழுத்துகள் ஓடும்: கையேட்டின் பதினோராம் பக்கத்தில், ஆறாவது வரியில், இரண்டாவது சொல் என்ன?

கையேடு என்னிடம் கிடையாது. வாய்க்கு வந்த ஏதோ ஒரு சொல்லை அடிப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம், வேறு வரி கேட்பார். மூன்று முறை தப்பானால் கப்பல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். இருபத்தைந்து வருடமாக நான் அந்த வாசலில்தான் நிற்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் 'செவன் ஹார்பர்ஸ்'. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரின் பக்கத்தில் அதன் ஃபிளாப்பி கிடந்தது. யாரோ எங்கிருந்தோ எடுத்த நகல். முதலாளி மதியம் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் எனக்கு. சின்னஞ்சிறு கப்பலில் சரக்கு ஏற்றி, புயலுக்குத் தப்பி, ஏழு துறைமுகங்களுக்குப் போகவேண்டும். முதல் மூன்றும் கண்ணை மூடிக்கொண்டே எனக்கு வரும். நான்காவதில் இந்தத் தாடிக்காரர். நகல் வைத்திருப்பவர்களைப் பிடிப்பதற்காகவே ஆட்டத்தைச் செய்தவர்கள் நிறுத்திவைத்த ஆள் அவர். பெட்டியோடு காசு கொடுத்து வாங்கியவரிடம்தான் கையேடு இருக்கும்.

இப்போது இணையத்தில் அந்த அதிகாரியையே வெட்டி எறிந்த பிரதி ஒன்று கிடைக்கிறது. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் கிளாட்வின்தான் கண்டுபிடித்து அனுப்பினான். நான் திறக்கவில்லை.

"ஏன்க்கா, ஒரு நிமிச வேல. நேரா உள்ள போயிறலாம்."

"பேப்பர் இல்லாம சரக்க வெளிய எடுக்கச் சொல்லுதியா?"

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யார் யாருடைய சரக்குக்கோ ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து, சுங்கத்தின் முன்னால் நின்று, முறையாக வெளியே எடுத்துக் கொடுத்தே எனக்கு நாற்பத்தாறு வயதாகிவிட்டது. என் கப்பல் மட்டும் பின்வாசல் வழியாகப் போவதற்கு மனம் ஒப்பவில்லை.

அந்தப் பெட்டியைத் தேடித்தான் ஏலத் தளங்களுக்குள் போனேன். அது கிடைக்கவில்லை, மற்றவை கிடைத்தன. இன்று மாடி அறை பீரோவின் கீழ்த்தட்டில் முப்பத்தொரு பழைய ஆட்டங்கள் இருக்கின்றன. அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரும் அங்கேதான். உப்புக்காற்றில் ஃபிளாப்பியின் தகடு துருப்பிடித்துவிடும் என்பதால், கன்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சத் தொங்கவிடுகிற பைகளில் மிஞ்சுவதை கிளாட்வின் யார்டிலிருந்து கொண்டுவந்து தருவான். அவற்றைப் பெட்டிகளுக்கு நடுவில் செருகி வைப்பேன்.

என் கணவர் லிங்கராஜ் அந்த அறைக்குள் வருவதில்லை. துறைமுகச் சாலையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை அவருக்கு. மாடிக்கு வந்தால் வாசலில் நின்று, "சந்தனம், டீ போடவா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் மற்ற எல்லாமே எங்கள் இருவருடையது. இது மட்டும் என்னுடையது. அதில் கொஞ்சம் சுயநலம் இருக்கிறது என்று தெரியும். சில நாள் அதை நினைத்து வெட்கப்படுவேன். பல நாள் மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செவன் ஹார்பர்ஸ் ஏலத்துக்கு வந்தது. பெங்களூரில் ஒருவர் விற்கிறார். பெட்டி, இரண்டு ஃபிளாப்பி, கடல் வரைபடம், நாற்பது பக்கக் கையேடு. கையேட்டின் அட்டையில் காபித் தம்ளர் வைத்த வட்டக் கறை. அந்தக் கறையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ இதை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, தாடிக்காரருக்குப் பதில் சொல்லி, உள்ளே போயிருக்கிறார்.

தொடக்க விலை இரண்டாயிரம். அடுத்த ஞாயிறு காலை பதினொன்றரைக்கு முடியும். இரண்டாயிரம் கேட்டேன். ஒன்பதாயிரத்துக்கு மேல் போவதில்லை என்று மனதுக்குள் ஒரு கோடும் போட்டுக்கொண்டேன். அந்தத் தளம் கேட்கிறவர்களின் பெயரைக் காட்டாது, வரிசைப்படி எண் கொடுக்கும். நான் 'ஒன்று'.

திங்கள், செவ்வாய், புதன். வேறு யாரும் வரவில்லை. புதன்கிழமை சாப்பிடும்போது, வழக்கமில்லாத வழக்கமாக, என் கணவரிடம் சொன்னேன். மகிழ்ச்சி அந்த அளவுக்கு நிரம்பியிருந்தது. செல்போனில் படத்தையும் காட்டினேன்.

"எத்தன பேரு கேட்டிருக்காவ?"

"யாருமே கேக்கல. நான் மட்டுந்தான்."

"யாருமேவா?" இட்லியைப் பிய்த்த கை நின்றது. "உச்" என்றார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதுபோல.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு 'இரண்டு' வந்தது. இரண்டாயிரத்து ஐநூறு.

நான் மூவாயிரம் கேட்டேன். அது மூவாயிரத்து ஐநூறு என்றது. எவ்வளவு ஏற்றினாலும் சரியாக ஐநூறு கூட்டி, அவசரமே இல்லாமல், என் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஆளுக்கு நானும் கிளாட்வினும் 'ஐநூறு' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

"பாத்தியளாக்கா, டெய்லி ரெண்டு மணிக்குத்தான் மொதக் கேள்வி வருது. சாப்ட்டுட்டு, பல்லு குத்திக்கிட்டே கேப்பாம் போல."

"கண்ணாடி அலமாரி வச்சிருப்பான். உள்ள லைட்டு போட்டிருப்பான்."

"ஒங்கள மாதிரி இன்னொரு பைத்தியம் நாட்டுல இருக்குன்னு சந்தோசப்படுங்க."

உண்மையைச் சொன்னால், அந்தச் சந்தோஷமும் இருந்தது. அந்த ஆளை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே, அவரும் எங்கோ ஒரு ஊரில் அதே வாசலில் வருடக்கணக்காக நிற்கிறார் என்று கற்பனை செய்தேன். நான் எதற்காக இதைத் தேடுகிறேன் என்பதை யாருக்கும் விளக்கி முடித்ததில்லை. இவருக்கு விளக்கவே வேண்டாம். இவர் ஐநூறு ஐநூறாக எனக்குப் பதில் சொல்கிறார். சனிக்கிழமை மாலை நான் எட்டாயிரத்தில் இருந்தேன், அவர் எட்டாயிரத்து ஐநூறில்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி அறையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கூடத்தில் என் கணவர் இருந்தார். பதினொன்றே காலுக்கு ஒன்பதாயிரம் கேட்டேன். அவ்வளவுதான், என் கோடு முடிந்தது. இனி அவன் விடுவதும் விடாததும் அவன் பாடு.

கீழேயிருந்து சத்தம் கேட்டது. "அப்படிப் போடு! கேட்டுட்டாளே!"

திரையில் ஒன்பதாயிரத்து ஐநூறு வந்தது.

எழுந்து படியிறங்கினேன். செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அவர் நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"யாரு என்னத்தக் கேட்டுட்டா?"

"ஏலம் நல்லா சூடு பிடிச்சிருக்குல்லா!" என்றார் முகமெல்லாம் மலர்ச்சியாக.

போனை வாங்கிப் பார்த்தேன். 'இரண்டு'.

"நீங்களா?"

"நாந்தான்."

"மூணு நாளா?"

"பின்ன?" அந்தப் பெருமையைப் பார்க்கவேண்டுமே. "ரெண்டாயிரம்னு கேட்டுட்டு நீ ஒத்தையா நிக்க. மேல கேக்க ஒரு நாதி இல்ல. எனக்கு எப்படியிருக்கும்?"

அப்போதுதான் எனக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. அவருக்குச் சாத்தான்குளம் பக்கம் ஊர். அம்மன் கொடை விழா முடிந்த மறுநாள், கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள்: சாத்திய சேலை, வாழைத்தார், எலுமிச்சம்பழம். கல்யாணமான வருடம் இவர் எலுமிச்சம்பழத்துக்கு ஐம்பது ரூபாய் கேட்டார். வாயை மூடுவதற்குள் சொந்தச் சித்தப்பாவே நூறு என்றார். இவர் நூற்றைம்பது, மைத்துனர் இருநூறு. சண்டை வரப்போகிறது என்று பயந்துபோய் நான் பக்கத்திலிருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். ஒருவன் கேட்ட விலைக்கு மேல் கேட்க ஆளில்லாமல் விட்டால், அவனுக்கு ஊரில் மனிதரே இல்லை என்று ஆகிவிடும். அதனால் சொந்தக்காரர்கள் ஏற்றிவிடுவார்கள், கடைசியில் விட்டுக்கொடுப்பார்கள். பணம் அம்மனுக்குப் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

"இது அம்மனுக்குப் போற ரூவா இல்லங்க. பெங்களூர்க்காரனுக்குப் போறது."

"அதுக்கு? ஏலம்னா ஏலந்தான? நீ பத்தாயிரம்னா நான் விட்டுருவேன். நல்ல கணக்கா இருக்கட்டும்னு வச்சிருந்தேன்."

"நான் ஒம்பதோட நிறுத்திட்டேன்!"

அவர் முகம் மாறியது. "நிறுத்திட்டியா? எதுக்குளா நிறுத்துன?"

"அவன் விடமாட்டான்னு நெனச்சேன்."

"எவன்?"

"நீங்க!"

எனக்கு அழுகை வருகிறதா, சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை. என் ஒரே அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டாரே என்று ஒரு கோபம் வந்தது. மூன்று நாளாக நான் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்த அந்த 'ஐநூறு', அந்தக் கண்ணாடி அலமாரி, எல்லாம் காற்றில் போயின. என்னைப் புரிந்துகொண்ட ஓர் ஆள் எங்கோ இருக்கிறார் என்று நினைத்தேனே. இவர் கடையில் சாப்பிட்டு முடித்து, தார்ப்பாய்க் கட்டின்மேல் சாய்ந்து, அந்த ஆட்டம் என்னவென்றே தெரியாமல், நான் தனியாக நிற்கக்கூடாது என்பதற்காக மட்டும் ஐநூறு ஐநூறாக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

சிரிப்புதான் வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு.

"நம்ம ரெண்டு பேரத் தவிர எவனுமே கேக்கலங்க. ரெண்டாயிரத்துக்கு முடிஞ்சிருக்கும்."

அவர் யோசித்தார். "வெறும் ரெண்டாயிரத்துக்கா?" என்றார் வருத்தமாக. "இருவத்தஞ்சு வருசமாத் தேடுன சாமானு. அது நல்லாவா இருந்திருக்கும்?"

என் கையிலிருந்த அவர் போன் மணியடித்தது. இருவரும் குனிந்தோம். பத்தாயிரம். 'மூன்று'.

மணி பதினொன்று இருபத்தாறு. மூன்றாவதாக ஒருவர், நிஜமாகவே ஒரு வெளியாள், வந்துவிட்டார்.

"கேளுங்க" என்றேன்.

அவர் போனை என்னிடமிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். "இனி நான் கேக்கக்கூடாது. அசலூர்க்காரன் வந்துட்டான்லா. நீதான் கேக்கணும்."

"ஒம்பதுக்கு மேல இல்லைன்னு வச்சிருந்தேன்."

"யாரு வச்சா?"

யாரும் வைக்கவில்லை. எனக்கென்று ஒன்று வாங்கும்போது இவ்வளவுதான் ஆசைப்படலாம் என்று ஒரு கோடு, எப்போதும் யாராவது போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ, முதலாளியோ, இவரோ. திரும்பிப் பார்த்தால் சாக்கட்டி என் கையில் இருந்தது.

இரண்டிரண்டு படியாக ஏறினேன். பத்தாயிரத்து ஐநூறு. உடனே 'மூன்று' பதினோராயிரம் என்றது. கீழேயிருந்து அவர் கத்தினார்: "என்னளா ஆச்சு?"

"அவன் ஏத்துதான்!"

"நீயும் ஏத்து! விடாத!"

ஐநூறு போதாது. கோயில் முற்றத்தில் அன்று சித்தப்பாவின் குரலில் இருந்ததே, அந்தக் குதூகலம் எனக்கும் வந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் என்று அடித்தேன்.

"கேட்டுட்டேன்!"

"எவ்வளவு?"

"பன்னெண்டு!"

"அப்படிப் போடு!" பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்த சத்தம் கேட்டது.

முப்பது வினாடி. பதினைந்து. திரையில் பச்சை எழுத்து வந்தது. பெட்டி எனக்கு.

"பாத்தியா?" என்றார் அவர், மாடி வாசலில் மூச்சிரைக்க நின்று. "நம்ம ரெண்டு பேரும் போட்ட சத்தத்துலதான் அவன் வந்தான்."

"அவன் வராம இருந்தாதாங்க எனக்கு லாபம்."

"ஏலத்துல போய் லாபம் பாப்பாவளா?"

வியாழக்கிழமை கூரியர் வந்தது. சாயங்காலம் அவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். வழக்கம்போல மாடி வாசலில் நின்றார், உள்ளே எட்டிப் பார்த்தபடி.

"உள்ள வாங்க" என்றேன். "ஒரு ஆளு கையேட்டப் படிக்கணும். நான் அடிக்கணும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். முதல் மூன்று துறைமுகங்களைக் கடக்க அரைமணி நேரமாயிற்று. அதுவரை கையேட்டைப் பிரசாதம்போல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாடிக்காரர் எழுந்தார். இருபத்தேழாம் பக்கம், நான்காம் வரி, மூன்றாம் சொல்.

"தலைப்ப ஒரு வரியா எடுக்கணுமா, வேண்டாமா?"

"எடுத்துப் பாருங்க."

தப்பு. தாடிக்காரர் தலையை ஆட்டினார். "மொறைக்கான் பாரு" என்றார் இவர். அடுத்தது எட்டாம் பக்கம், ஐந்தாம் வரி, நான்காம் சொல். இம்முறை தலைப்பை விட்டுவிட்டு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். விரல் நின்றது.

"என்னங்க?"

"ஏளா," குரல் உடைந்தது, "கயிறு! ரோப்புன்னு போட்டிருக்கு. நம்ம கடைச் சாமானு!"

ஆர், ஓ, பி, ஈ. நான் அடித்தேன். தாடிக்காரர் இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்கு அடியில் அவருக்கு வழுக்கை. எனக்கு அது தெரியவே தெரியாது. வாசல் திறந்தது. நான் கேட்டேயிராத ஒரு மெட்டு, கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து கீச்சுக்கீச்சென்று வந்தது. நீலத் தண்ணீர், ஒரு பளுதூக்கி, இரண்டு கிடங்கு, கரையில் கையசைக்கும் ஒரு நாய் அல்லது ஒரு மனிதன்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இன்னும் மூணு இருக்கு."

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் சரக்குப் பட்டியல் வந்தது: தேயிலை, பருத்தி, உப்பு, கயிறு.

"கயிறு ஏத்து" என்றார் உடனே.

கப்பல் என்னுடையது. நான் உப்பு ஏற்றினேன்.