மாமா ரூம்

தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் ஒரு வாடிக்கையாளரின் ஃபிரேமுக்குக் காது வளைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் மேஜையில் அதிர்ந்தது. திரையில் சிவப்பு எழுத்து: ‘மாமா ரூம். காற்று மோசம். 340.’

மாமனாருக்கு நாள்பட்ட நெஞ்சுச் சளி. போன ஞாயிறுதான் அவள் கணவன் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் வயரில்லாத சென்சார் இரண்டு வாங்கிவந்தான். ஒன்றை அப்பாவின் அறையிலும், இன்னொன்றைத் தான் நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடிக்கும் பின்னறையிலும் ஒட்டிவிட்டு, அவள் போனில் ஆப்பையும் ஏற்றித் தந்தான்.

மாமியாரைக் கூப்பிட்டாள்.

“அத்தை, மாமா ரூம்ல காத்து சரியில்லன்னு காட்டுது. ஜன்னலைத் திறந்து விடுங்க.”

“திறந்துதானே கிடக்கு? உங்க மாமா குத்துக்கல்லாட்டம் உக்காந்து பேப்பர் படிக்கிறார். உன் போனுக்குத்தான் சளி பிடிச்சிருக்கு.”

அவளும் சிரித்துவிட்டு ஃபிரேமை எடுத்தாள். 410 என்றது போன். லென்ஸைத் துடைத்து முடிப்பதற்குள் 520. கணவனைக் கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்புறம்தான் ஆப்பை முழுதாகத் திறந்தாள். கீழே பச்சையில் இன்னொரு வரி: ‘அப்பா ரூம். 38.’

பெயர் வைத்தவன் அவன். அவனுக்கு அவர் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தச் செல்லப் பெயரைத்தான் தன் பின்னறைக்கு வைத்திருக்கிறான்.

“அத்தை, அவர் எங்க?”

“யாரு?”

“உங்க பிள்ளை.”

“பின்னாடிதான். வார்னிஷ் காயறதுக்குள்ள தூசி விழுமாம், கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கிட்டான். காலையிலேர்ந்து டீ குடிக்கக்கூட வெளிய வரல.”

“போய்த் தட்டுங்க அத்தை. போனை வைக்காதீங்க.”

செருப்புச் சத்தம். தட்டும் சத்தம். “டேய், கதவைத் திற.” மறுபடியும் தட்டல். பிறகு மாமனாரின் இருமல் நெருங்கி வந்தது. எதையோ கொண்டு பூட்டை இடித்தார்கள். மரம் பிளந்தது.

திரையில் 690 வரை ஏறியிருந்த எண் 600 ஆனது, 480 ஆனது. கதவு திறந்துவிட்டது.

“அத்தை?”

மாமனார்தான் போனை வாங்கினார்.

“மூச்சு இருக்கும்மா,” என்றார். “கண்ணுதான் திறக்க மாட்டேங்கிறான். நீ கிளம்பி வா.”