வலையில் சுற்றிய நூல்

என் கூண்டில் பேத்தை மீன்கள் இரை எடுப்பதை நிறுத்தின. படகுச் சத்தம் கேட்டாலே மேலே வந்து முட்டுகிறவை, இப்போது ஓரமாகச் சாய்ந்து மிதந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். உடம்பை ஊதிக் காட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. கொன்று கன்னத்தை அறுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய செவுள் வெளுத்துக் கிடந்தது. கன்னத்தின் உள்சுவரில் புழுக்கள் கொத்தாக ஒட்டி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தன.

பேத்தைக்குக் குளிர்காலத்தில்தான் விலை. அதற்குள் இவை தேறாவிட்டால் கூண்டை விட்டுவிட்டு நான் மறுபடி நாகசாகித் துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டும். இந்த வயதில் அது முடியாது.

பக்கத்து மிதவையும் அதில் தொங்கும் கூண்டும் என் மச்சினன் ரிஹெய்யுடையவை. அதே கடல், அதே குஞ்சு, அதே இரை. அவன் மீன்கள் மட்டும் துள்ளின.

"என்னடா போடுற?"

"இரைதான் அத்தான். வளர்க்கிறவரு மாதிரிதானே மீனும் இருக்கும்? உங்களுது தூங்குமூஞ்சி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினான்.

விடியற்காலையில் அவன் படகில் வெள்ளைக் கேன்கள் ஏறுவதைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். திரும்பும்போது ஒரு கேன்கூட இல்லை. ஃபார்மலின்தான் என்று நினைத்தேன். புழு சாகும், ஆனால் தடை செய்த மருந்து. வெளியே தெரிந்தால் இந்த வளைகுடா மீனை எந்த வியாபாரியும் தொட மாட்டான், என் மீனையும் சேர்த்து.

என் மனைவி சுமியே நம்பவில்லை. "என் தம்பி பல்வலிக்கே மருந்து போட மாட்டான். கசக்கும்னு ஓடுவான்."

"இப்ப அவன் வாயிலயா ஊத்துறான்? கடல்லதானே ஊத்துறான்."

மறுநாள் மோட்டாரை அணைத்துத் துடுப்புப் போட்டுப் பின்னால் போனேன். தன் மிதவையில், என் கூண்டைப் பார்த்த ஓரத்தில், ஒரு கேனைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான். பிடுங்கித் திறந்து மோந்தேன்.

"என்ன அத்தான், சாராயம் தேடுறீங்களா?"

உள்ளே கூழாங்கல்; எதையோ அமிழ்த்தி வைக்க எடை. கயிற்றை இழுத்தேன். மேலே வந்தது அவனுடைய பழைய வலை. கண்ணிகளில் வெளிறிய தையல் நூல் போல ஏதோ சிக்குச் சிக்காகச் சுற்றியிருந்தது. புழுவின் முட்டைச்சரம்.

"உன் கூண்டுக்குப் புது வலை. இதை ஏன்டா இங்க முக்கி வச்சிருக்க?"

"கரைக்கு இழுத்துக் காயப்போட முதுகு விடல. கடல்ல கிடந்தா குட்டி மீனுங்க பாசியைத் தின்னு சுத்தம் பண்ணிடும்."

"பாசி போவும். முட்டை பொரிச்சு நேரா என் கூண்டுக்குல்ல வருது!"

"ஓட்டம் உங்க பக்கம்னு எனக்கென்ன தெரியும்?"

கடலில் பிழைக்கிறவனுக்கு நீரோட்டம் தெரியாதாம். வலையின் ஒரு முனையை அவன் கையில் திணித்தேன்.

இருவருமாக அந்த வலையைக் கரையேற்றி மொறமொறவென்று காயப்போட்டோம். என் கூண்டு வலையையும் மாற்றினோம். ஒருவன் மீனுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அடுத்தவன் கூண்டிலிருந்து திரும்பி வரும். அதனால் இரண்டு கூண்டு மீனையும் ஒரே சமயத்தில் மருந்து நீரில் குளிப்பாட்ட வேண்டும். மீனவர் சங்கம் அனுமதித்த ஹைட்ரஜன் பெராக்சைடு. அது செவுளிலுள்ள இளம் புழுவைத்தான் கொல்லும். உள்சுவரில் முற்றிய புழுவுக்கு மீன் வைத்தியர் இரையில் கலக்க மருந்து கொடுத்தார்.

பீப்பாய்களை ரிஹெய்தான் கொண்டுவந்தான். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"பள்ளிக்கூடம் விட்டாச்சா அத்தான்? மீன் காத்துக்கிட்டிருக்கு."

மீன்கள் மெல்ல மெல்ல இரைக்கு மேலே வந்தன. பிறகு ஒன்றை அறுத்துப் பார்த்தபோது செவுளில் சிவப்பு திரும்பியிருந்தது. குளிர்காலத்துக்கு எடை கொஞ்சம் குறையும்; ஆனாலும் விற்கும்.

இப்போதும் அவன் மிதவையைக் கடக்கும்போது, என் பக்கம் கயிறு ஏதும் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அவனுக்கும் அது தெரியும். என் படகைக் கண்டதும் இரண்டு கையையும் உயர்த்தி, வெறும் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறான்.