பெர்ச்செரோவுக்கு எட்டாத கை

மதியம் கழிந்தும் கை எட்டவில்லை.

திரையில் முகமூடி போட்ட மல்லன் ஒருவன் பின்னால் சாய்ந்து கிடந்தான். எதிராளியின் கால்களைத் தன் இடது காலில் பின்னி, அவனுடைய தோள்களைப் பின்னுக்கு இழுத்து, முதுகு தரையில் படாமல் தொங்கவிட்டிருந்தான். இனி ஒன்றுதான் பாக்கி. மல்லனின் வலது கை எதிராளியின் தோளைச் சுற்றி வந்து, தூக்கி மடக்கிய தன் முழங்காலுக்கு அடியில் நுழைந்து, தன் இடது மணிக்கட்டையே பிடித்துப் பூட்ட வேண்டும். அதோடு பிடி முடிந்தது. அதற்குப் பெயர் பெர்ச்செரோ. சட்டை மாட்டும் கொக்கிக்கட்டையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

நாலு விரல் அளவுக்குக் கை காற்றில் நின்றது.

"தம்பி, இன்னும் நிக்குது."

"தெரியுது மாஸ்டர்."

"நீ அத மணிக்கட்டுல வை."

"எட்டல மாஸ்டர்."

"எட்டாம எப்படி? ஃபோட்டோவுல பிடிச்சிருக்குல்ல? கண்ணத் தொறந்து பாரு."

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எல் டிசோன். குவாதலஹாராவில் செவ்வாய்க்கிழமை மல்யுத்தம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ஆள். எங்கள் ஸ்டூடியோவுக்கும் கறுப்பும் ஆரஞ்சுமான முகமூடியும் களத்துப் பூட்ஸுமாகத்தான் வருவார். நான் அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்கக் கேட்பதும் முறையல்ல. முகமூடியின் வாய் ஓட்டை வழியாக உறிஞ்சுகுழலை விட்டு, புளித்த சோள பானமான தெஹுயீனோவைச் சத்தமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் எதைத் தொட்டாலும் உறிஞ்சல் நின்றது. "அது இல்ல" என்று ஒரு சொல் வந்தது. மறுபடி உறிஞ்சல்.

ஒரு வெளிநாட்டு நிறுவனம் செய்யும் மல்யுத்த விளையாட்டில் அவரும் ஒரு பாத்திரம். அவர் போடும் பிடிகளை ஃபோட்டோக்களைப் பார்த்து டிஜிட்டல் உருவத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. மற்றப் பிடிகள் எல்லாம் முடிந்து ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. பழைய பத்திரிகைப் படம் ஒன்றை மட்டும் வைத்துச் செய்ய வேண்டியிருந்த பெர்ச்செரோதான் நின்றது. அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால், நிறுவனம் தன் கிடங்கில் இருக்கும் ஏதோ ஒரு பொதுப் பிடியை அந்த இடத்தில் செருகிவிடும்.

"மத்தப் பிடியெல்லாம் ஊர்ல எல்லாரும் போடுறது. இது ஒண்ணுதான் என்னோடது. நாளைக்கு நான் களத்துல இல்லன்னாலும் எவனோ ஒரு பையன் பட்டனத் தட்டி இதப் போடுவான். இது இல்லன்னா அந்த ஆட்டத்துல இருக்குறது வெறும் முகமூடி" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் எனக்கும் விட மனமில்லை.

ஃபோட்டோவைப் பார்த்து உருவத்தை நிறுத்துவது, பொம்மையின் கைகாலை மடக்குவது போலத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மடக்குவது கடைசி வேலை. முதல் வேலை, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று கண்டுபிடிப்பது. கேமராவை நோக்கி நீட்டிய கை படத்தில் குட்டையாகவும் தடியாகவும் தெரியும், பக்கவாட்டில் நீட்டிய அதே கை முழு நீளத்தில் தெரியும். நின்ற இடம் தெரியாமல் கையின் நீளத்தைப் பற்றிப் பேசவே முடியாது. மல்யுத்தப் படங்களில் இதற்கு ஒரு வசதி உண்டு. களத்தின் நான்கு கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் தெரியும், மூன்று கயிறுகளின் உயரமும் தெரியும். அதே களத்தைக் கணினியில் கட்டி, என் கேமராவை நகர்த்தி நகர்த்தி, என் கயிறுகள் படத்தின் கயிறுகள் மேல் அப்படியே படியும்வரை கொண்டுபோவேன். படிந்துவிட்டால், அன்று அந்த ஃபோட்டோகிராபர் நின்ற இடத்தில் நானும் நிற்கிறேன் என்று அர்த்தம். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணம் எனக்கு அலுப்பதில்லை.

அதன் பிறகு இடுப்பு, ஏனென்றால் உடம்பில் எல்லாம் இடுப்பிலிருந்துதான் தொங்குகிறது. பிறகு முதுகெலும்பு, தோள், தலை. கையும் காலும் கடைசியில், தாமாகவே போய் உட்கார வேண்டும். இழுத்து உட்கார வைத்தால் மேலே எங்கோ தப்பு இருக்கிறது. எலும்பு மடங்கலாம், திரும்பலாம், நீளக் கூடாது. இது ஒன்றுதான் நான் மீறாத சட்டம். டிசோனை முதல் நாளே நிற்க வைத்து நாடாவால் அளந்து, அவருடைய நீளங்களைத்தான் உருவத்தின் எலும்புகளுக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று கயிறுகள் படிந்தன. இடுப்பு படிந்தது. முதுகு, தலை, கால் எல்லாம் படிந்தன. கை மட்டும் எட்டவில்லை.

கேமராவைச் சந்தேகப்பட்டு மறுபடி பொருத்தினேன். லென்ஸைச் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்தேன். பத்திரிகையில் அச்சிடும்போது படத்தை அகலவாக்கில் இழுத்திருப்பார்களோ என்று கம்பத்தின் தடிமனை அளந்தேன். இழுக்கவில்லை. தானாகப் பொருத்தும் கருவியிடம் கொடுத்தேன். அது எதிராளியின் காலை மல்லனின் இடுப்பில் ஒட்டிவைத்தது.

"இது என்ன, நண்டா?" என்றார் டிசோன்.

"கருவி செஞ்சது மாஸ்டர்."

"அப்ப உனக்கு எதுக்குச் சம்பளம்?"

எங்கள் குழுத் தலைவி சொராய்தா கதவருகே வந்து நின்றாள். கையில், மிளகாய்ச் சாற்றில் தோய்த்த ரொட்டிப் பொட்டலம்.

"அமாரோ, அனுப்பிட்டியா?"

"கை எட்டல."

"காலைலயும் இதத்தான் சொன்ன."

"காலைலயும் எட்டல."

"அப்ப கைய நீட்டிவிடு. ஸ்க்ரூ மாதிரி ரெண்டு திருகு திருகு. எவன் அளந்து பாக்கப் போறான்?"

"இந்தக் கைய நீட்டினா, முடிஞ்ச பிடி அத்தனையிலும் முழங்கை எதிராளியோட விலாவுக்குள்ள போய் நிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு எலும்புக்கூடுதான். எல்லாத்தையும் மறுபடி செய்யணும். ஆறு மணிக்குள்ள நீ செஞ்சு தர்றியா?"

"என்கிட்ட ஏன்டா எரிஞ்சு விழற?"

"நான் எரிஞ்சு விழல. கை எட்டலன்னு சொல்றேன்!"

டிசோன் தெஹுயீனோ கோப்பையை ஓங்கி மேசையில் வைத்தார். விசைப்பலகை முழுக்கத் தெறித்தது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. தம்பி, எந்திரி. கீழ படு."

"எதுக்கு மாஸ்டர்?"

"காலைலேருந்து எட்டல எட்டலங்கிறல்ல? எட்டுதா இல்லையான்னு நீயே பாரு."

மேசைகளைத் தள்ளினார். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் விரிப்பில் கிடந்தேன். என் கால்கள் பின்னப்பட்டன. உலகம் ஒரு முறை உருண்டது. பிறகு நான் கூரையைப் பார்த்தபடி காற்றில் தொங்கினேன். இரண்டு தோளும் இதுவரை போகாத பக்கத்துக்குப் போயின. என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்குப் பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன.

"எட்டுதா?" என்றார் காதருகே.

"எட்டுது! எட்டுது மாஸ்டர்! விடுங்க!"

"இரு, இரு. அப்படியே இரு. ஒரு படம் எடுத்துக்குறேன், உதவும்" என்று சொராய்தா செல்ஃபோனைத் தூக்கினாள். அவசரமே இல்லாமல் குனிந்து, எழுந்து, பத்திரிகைப் படத்தின் கோணம் வரும்வரை நகர்ந்து எடுத்தாள்.

விடுபட்ட பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டே அவளுடைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால் அதே. முதுகு அதே. வலது கை என் தோளைச் சுற்றி, அவருடைய முழங்காலுக்கு அடியில் நுழைந்திருந்தது. ஆனால் மணிக்கட்டுக்குப் போகவில்லை. விரல்கள் அவருடைய பூட்ஸின் லேஸைச் சுருட்டிப் பிடித்திருந்தன. முழங்கால்வரை ஏறும் பூட்ஸ், நீளமான லேஸ். நல்ல பிடிமானம்.

"மாஸ்டர், நீங்க லேஸைப் பிடிச்சிருக்கீங்க."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. "அது... இன்னிக்கு முட்டி வலி."

"முட்டி மடங்கியிருக்கே. பத்திரிகையில எவ்வளவு மடங்கியிருக்கோ அவ்வளவு மடங்கியிருக்கு."

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தேன். இப்போதுதான் காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கை எட்டுகிறதா என்று பார்ப்பதை விட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தேன். பத்திரிகைப் படத்தில் இருந்த முன்கை, நாடாவால் நான் அளந்த முன்கை அல்ல. கேமரா தப்பில்லை. லென்ஸ் தப்பில்லை. நானும் தப்பில்லை. முகமூடி ஒன்றுதான், உள்ளே இருந்த ஆள் வேறு.

மெதுவாகத்தான் கேட்டேன். "மாஸ்டர், இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

டிசோன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒரு மல்லன் தன் முகமூடியை இன்னொருவனுக்குக் கொடுப்பது வெளியே சொல்லும் விஷயமல்ல. இந்தக் கதையில் பெயர்களை நான் மாற்றியிருப்பதும் அதனால்தான்.

"நபோர். என் கூடப் பொறந்த தம்பி" என்றார். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். டிக்கெட் வித்தாச்சு. முகமூடியக் குடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் பத்திரிகையில இந்தப் படம் வந்துச்சு. ஊரே கேக்குது, டிசோன், அது என்ன பிடி, மறுபடி எப்பப் போடுவன்னு. நான் என்ன பண்ணுவேன்? படத்தச் சுவத்துல ஒட்டி வச்சுப் பாத்துப் பாத்துப் பழகினேன். கால் வந்துச்சு. தோள் வந்துச்சு. கை மட்டும் எட்டல. லேஸைப் பிடிச்சேன். களத்துல வேகமாப் போடுறப்ப ஒருத்தனும் கவனிக்கல."

"தம்பிகிட்டயே கேட்டிருக்கலாமே?" என்றாள் சொராய்தா.

"என் பிடியப் போய் அவன்கிட்டக் கேக்குறதா?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ கைய நீட்டிடு தம்பி. படத்துல இருக்கறதுதான் பெர்ச்செரோ. நான் போடுறது அதோட நகல்" என்றார்.

"நீட்ட முடியாது மாஸ்டர். நேரம் இல்ல. அப்புறம் அது நீங்களும் இல்ல."

"அப்ப எல்லாம் போச்சு."

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தோள் வலி, பொறுமையும் தீர்ந்திருந்தது. "அவர்கிட்டயே கேளுங்க. கைய எப்படிக் கொண்டுபோனாருன்னு சொன்னா ஏதாவது வழி கிடைக்கும்" என்றேன். முனகிக்கொண்டே ஃபோனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். நபோர் இப்போது காஸ் சிலிண்டர் லாரியில் வேலை பார்க்கிறாராம். பின்னணியில் சிலிண்டர்கள் உருளும் சத்தம்.

"என்னண்ணே, வேலை நேரத்துல?"

"டேய், அந்தப் பெர்ச்செரோ. மணிக்கட்ட எப்படிடா பிடிச்ச?"

"எந்தப் பெர்ச்செரோ?"

"பத்திரிகையில வந்துச்சேடா, நீ போட்ட பிடி!"

"அதுவா? அது பிடியே இல்லண்ணே. வழுக்கி விழுந்தேன். அந்தத் தடியன் மேல விழுந்தான். காலு எப்படிச் சிக்குச்சுன்னு எனக்கே தெரியாது. இடது கை தரையில ஊனி மணிக்கட்டு பிசகிப்போச்சு. உயிர் போற வலி. அதான் வலது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தேனே, மறந்துட்டியா?"

டிசோன் ஃபோனை மேசையில் வைத்துவிட்டுப் பத்திரிகைப் படத்தின் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே? இருக்கியா? நீ போடுவியே, செவ்வாக்கிழமை, லேஸைப் பிடிச்சுக்கிட்டு, அது நல்ல பிடி. அதுல மாட்டினா எவனும் வெளிய வர முடியாது. என்னோடதுல அந்த ஆளு ரெண்டே நொடியில எந்திரிச்சுப் போயிட்டான்."

"இத்தன வருஷம்டா!" என்று கத்தினார் டிசோன். "இத்தன வருஷமா உன் சுளுக்கப் பாத்து நான் பழகியிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லயேண்ணே."

இணைப்பைத் துண்டித்தார். முகமூடிக்குள் என்ன முகம் என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். உள்ளிருந்து வந்தது ஒரு கெட்ட வார்த்தை, தம்பிக்கு. அடுத்தது பத்திரிகைக்கு. மூன்றாவது யாருக்கு என்று புரியவில்லை, எனக்காக இருக்கலாம்.

"மாஸ்டர், நேரம்" என்றேன்.

"லேஸைப் பிடி" என்றார்.

பத்திரிகைப் படத்தை மூடிவிட்டுச் சொராய்தாவின் படத்தை வைத்தேன். களம் இல்லை, கயிறு இல்லை. அலுவலக விரிப்பின் கட்டங்களை வைத்துக் கேமராவைக் கண்டுபிடித்தேன். சதுரங்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால் அது சீக்கிரமே படிந்தது. இடுப்பை வைத்தேன். முதுகைச் சாய்த்தேன். தோளைத் திருப்பியதும் கை தானாகக் கீழே வந்து, முழங்காலுக்கு அடியில் புகுந்து, விரல்கள் லேஸ்மேல் போய் நின்றன. நான் இழுக்கவே இல்லை. விரல்களை மட்டும் மூடினேன்.

டிசோன் உறிஞ்சவில்லை. "அது இல்ல" என்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்பு அனுப்பினோம். பதில் உடனே வந்தது. பத்திரிகைப் படத்தில் கை மணிக்கட்டில் இருக்கிறதே, இங்கே ஏன் லேஸில் இருக்கிறது, ஆதாரப் படம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஆதாரம் ஒன்றுதான் இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு, கண் பிதுங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, விரிப்புக்கு மேலே நான்.

"இத அனுப்ப மாட்டேன்" என்றேன்.

சொராய்தா அனுப்பிவிட்டாள்.

அடுத்த பதிலில் பச்சைக் குறி இருந்தது. பெயர்: பெர்ச்செரோ. பிடிக்குச் சொந்தக்காரர்: எல் டிசோன். கீழே ஒரு வரி. பிடியில் மாட்டியிருப்பவரின் முகபாவம் மிக நன்றாக வந்திருக்கிறது, அதையும் நாளைக்குள் அப்படியே எதிராளி உருவத்துக்குப் பொருத்தித் தரவும்.

டிசோன் அந்தத் திரையைத் தன் ஃபோனில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். நபோரின் பதிலை எனக்குப் படித்தும் காட்டினார்.

"நல்லா இருக்குண்ணே. அந்த வாயப் பொளந்தவன் யாரு?"