பீரோவில் பூட்டிய ஆசிட்

என் தேனீப் பெட்டிகளைக் கொளுத்திப்போடச் சொன்னது பக்கத்துத் தோப்பு திருமலைசாமி. நல்லதுக்குச் சொன்னானாம். அவனுடைய நல்லது எனக்குத் தெரியாதா?

சூலூருக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பு, அதை ஒட்டிச் சூரியகாந்தி வயல். முன்னே வைத்திருந்த நாட்டுத் தேனீ எல்லாம் நோய் வந்து புழுவோடு அழிந்துபோனது. அப்புறம் வாங்கியதுதான் இந்த இத்தாலித் தேனீ. இப்போது இதிலும் உண்ணி. கேழ்வரகு மணியாட்டம் செவந்த பூச்சி, தேனீயின் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சியது. றெக்கை சுருண்ட குஞ்சுகள் பெட்டி வாசலில் விழுந்து ஊர்ந்தன.

"ஏனுங்க மாமா, உங்க பெட்டியில இருந்து என் தேனீப் பெட்டிக்கும் வந்துபோடுமுங்க. சூரியகாந்தி பூக்கறதுக்குள்ள தீ வெச்சுப்போடுங்க," என்றான் திருமலைசாமி.

"பூக்கட்டும். அதுக்குள்ள சரியாகலேன்னா நானே கொளுத்தறேன்."

வாயை விட்டாயிற்று. இந்தத் தேனீயும் போனால் இன்னொரு தரம் வைக்க எனக்குத் தெம்பு கிடையாது.

பார்மிக் ஆசிட்டின் ஆவி உண்ணியைக் கொல்லும் என்று தேனீக்காரர்கள் சொன்னார்கள். சாயப்பட்டறைகளுக்கு ஆசிட் விற்கும் உக்கடத்து ரசாக்கிடம் போனேன். மூடியைத் திறந்ததும் கட்டெறும்பை நசுக்கி மூக்கில் தேய்த்தது போல் இருந்தது.

"பாய், தண்ணி கலந்திருக்கீங்களா?"

"இருமிக்கிட்டே கேக்கறீங்களே பெரியவரே," என்றார் ரசாக். "இதைக் காத்தாட நெழல்ல வையுங்க. இரும்புக்குப் பக்கத்துல ஆகாது. கைக்கு உறை போட்டுக்குங்க. தேன் எடுக்கற சமயத்துல பெட்டிக்குள்ள வெச்சுப்போடாதீங்க."

விற்கிறவன் இத்தனை சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். காத்தாட வைத்தால் கண்டவன் தூக்கிக்கொண்டு போவான். வீட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரணாக்கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் ஊசி மருந்துக் குப்பிகளில் கொஞ்சம் ஊற்றி, பஞ்சுத் திரி போட்டு, பெட்டிக்கு ஒன்றாக அடியில் வைத்தேன். விளக்கெண்ணெய் தடவிய காலண்டர் தாளையும் கீழே விரித்தேன். காலையில் உருவிப் பார்த்தால் தாளெல்லாம் செத்த உண்ணி. மறுநாள் இன்னும் கூட.

குப்பிகள் காய்ந்ததும் மறுபடி ஊற்றப் போனேன். சாவி திரும்பவில்லை. ஆசிட்டின் ஆவி பூட்டைத் தின்று துருவாக்கியிருந்தது. தேனடையின் மூடிய அறைகளில் புழுவோடு ஒளிந்திருக்கும் உண்ணி வெளியே வரும்போது மருந்து இல்லாவிட்டால் பழையபடி பெருகிவிடும். வயலில் சூரியகாந்தி மொட்டு விட்டிருந்தது.

"என் கூறைச்சேலை உள்ள இருக்குதுங்க," என்றாள் என் சம்சாரம் சாமியாத்தாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஆசிட்டுக்குத் துணைக்கு வெச்சீங்களா?"

கடப்பாரையை எடுத்துக் கதவை நெம்பினேன். பாட்டில் பத்திரமாக இருந்தது. சேலையின் ஜரிகை கறுத்திருந்தது. சாமியாத்தாள் அதை ஒரு பார்வை பார்த்தாள். பாட்டிலை வாங்கி, ஆளும் மாடும் அண்டாத புளியமர நிழலில் ஒரு மண்தொட்டிக்குள் வைத்தாள்.

"இனி இங்கதான் இருக்கும். யாரு தூக்கிட்டுப் போறாங்கன்னு பாத்துப்போடலாம்."

ஒருத்தனும் தூக்கவில்லை. நாற்றமே காவல்.

பூ விரிவதற்குள் தாள் சுத்தமாக வர ஆரம்பித்தது. குப்பிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஆவி போனபின் தேனுக்கு மேலடுக்கு ஏற்றினேன். வயல் முழுக்க மஞ்சள். காலில் மகரந்தம் அப்பிக்கொண்டு தேனீக்கள் வந்து இறங்கிய வேகத்தில் வாசலில் இடம் போதவில்லை. அந்த இரைச்சலைக் கேட்டபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

வேலியோரம் திருமலைசாமி வந்தான்.

"மாமா, அந்த ஆசிட்டு மிச்சமிருக்குதுங்களா?"

"எதுக்கு?"

"என் பெட்டியிலயும் கேவுராட்டம் உண்ணி கொட்டிக்கிடக்குதுங்க."

"கொளுத்திப்போடறதுதானே மாப்பிளே?"

அவன் வேலிக்கு மேலே கையை நீட்டினான்.

"உன் கையில தரமாட்டேன்," என்றேன். "பீரோவுல வெச்சுப் பூட்டிப்போடுவே. நானே வந்து வெக்கறேன். மேலடுக்கைக் கழட்டி வை. இந்தப் பூவுக்கு உனக்குத் தேன் இல்லை, எனக்குத்தான்."

சிரிப்பை அடக்க நான் பிரயாசைப்படவில்லை.