ஆஸ்பத்திரி வாடை

யாங்கோன் நகரின் பபேடான் பகுதியில் சிவராஜ் நடத்தும் மதுக்கூடத்துக்குத் தமிழரசிதான் மேற்பார்வையாளர். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒருமுறை ஐலா விஸ்கி குடித்திருக்கிறாள். ஐலா, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள தீவு. அந்தப் புகையையும் உப்பையும் அவளால் மறக்க முடியவில்லை. யாங்கோனில் பத்துப் பேருக்காவது காட்டிவிட வேண்டும் என்று முதலாளியை நச்சரித்து, இறக்குமதிக் கெடுபிடிக்கு நடுவே மாதக்கணக்கில் காத்திருந்து, பர்மியக் கடைக்காரர் ஒருவர் மூலம் ஒரு புட்டி வரவழைத்தாள்.

ஐலாவைச் சுவைக்க விருந்தினர் வரும் அன்று மாலை அலமாரியைத் திறந்தால் வேறு புட்டி இருந்தது. ஸ்பேசைட். அதுவும் ஸ்காட்லாந்துதான்; ஆனால் தேனும் ஆப்பிளுமாக இனிக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சரக்கு.

“அண்ணே, ஐலா எங்கே?”

“மூடியத் தொறந்தேன், ஆஸ்பத்திரி வாடை அடிச்சுது. கெட்டுப்போச்சுன்னு கடையில குடுத்து மாத்திட்டேன்” என்றார் சிவராஜ்.

“அந்த வாடைக்குத்தாண்ணே அந்த விஸ்கியே!”

கடைக்குப் போன் செய்தாள். திறந்த புட்டியை விற்க முடியாதென்று கடைக்காரர் நண்பர்களோடு குடித்து முடித்திருந்தார். “அருமையான சரக்கு, மா தமிழரசி” என்று பர்மிய வழக்கில் மரியாதையாகச் சொன்னார் வேறு.

“யாருக்குத் தெரியப் போவுது? இதையே ஐலான்னு சொல்லிடு” என்றார் சிவராஜ்.

வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தமிழரசி பேசத் தொடங்கினாள். மரம் அரிதான தீவு. சதுப்பு நிலத்தில் மக்கிய மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அந்தப் புகையில்தான் விஸ்கிக்கான பார்லியை உலர்த்துவார்கள். வரிக்காரர்களுக்குத் தெரியாமல் குகைகளில் காய்ச்சிய காலமும் உண்டு.

துணி வியாபாரி தியாகராசன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“புகை புகைங்கிறியே தங்கச்சி, எனக்கு ஒண்ணும் தெரியலயே?”

சிவராஜ் கண்ணைக் காட்டினார். அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

“இது ஐலா இல்லண்ணே. ஸ்பேசைட். ஐலா கைவிட்டுப் போச்சு.”

ஒருவராவது கோபித்துக்கொண்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தியாகராசன் டம்ளரை நீட்டினார்.

“யபாதெ, யபாதெ! பரவாயில்லம்மா. இதுவே இனிப்பா நல்லாயிருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

ஊற்றினாள். புட்டி காலியாகி, எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். சிவராஜுக்கு வாயெல்லாம் பல்.

“அடுத்த மாசமும் ஐலா வைப்போம் தமிழு. இதே புட்டிய வாங்கிடலாம்.”

தமிழரசி அலமாரிச் சாவியை மேசைமேல் போட்டாள்.

“அப்ப நீங்களே பேசிக்கிடுங்கண்ணே.”

படியிறங்கித் தெருவுக்கு வந்தபிறகும் ஆத்திரம் தணியவில்லை. கடைக்காரர் ‘அருமை’ என்று சொன்னதுதான் அதிகம் எரிந்தது.