வெள்ளைக் காருக்குச் சூடு ஏறாது

சுகிர்தாவின் கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கையில் என் காரின் எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்தேன். கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எல்லோருக்கும் விளங்கவில்லை.

சுகிர்தா என் தங்கை குணபூசணியின் மகள். எங்கள் குடும்பத்தில் மணப்பெண் தாய்மாமனின் வண்டியில்தான் கோயிலுக்குப் போவாள். என் தாயாரை அவருடைய மாமன் ஆஸ்டின் காரில் கொண்டுபோனார். குணபூசணியை எங்கள் மாமன் பெருமழையில், ஒழுகும் காருக்குள் குடை விரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு பெண்ணும் வழியில் நின்றதில்லை. இப்போது தாய்மாமன் நான். தங்கையின் வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயிலுக்கு ஃபெடரல் ஹைவேயில் வரவேண்டும். அங்கே என் கார் நின்றுவிட்டால், பட்டுச் சேலையும் மாலையுமாக ஒரு பெண் லோரிகளுக்கு நடுவே நிற்பாள். ஈப்போ முதல் சிரம்பான் வரை எங்கள் சொந்தக்காரரிடையே பத்து வருடத்துக்கு அதுதான் பேச்சாக இருக்கும்.

நான் ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் தண்டவாள இன்ஸ்பெக்டராக இருந்தவன். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டை உடையட்டும் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. வயது முடிந்தால் மாற்றுவோம். பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றுவோம்.

பிரிக்பீல்ட்ஸில் பக்கிரிசாமியின் கார்ப் பட்டறைக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தபோது, என் கார் மாதிரியே ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினுக்குள் ஓடும் சங்கிலியை ஆடாமல் பிடித்து வைக்க, வாழைப்பழம் போல வளைந்த பிளாஸ்டிக் துண்டுகள் சில இருக்கின்றன. செயின் கைடு என்பார்கள். அதில் ஒன்று உடைந்து, சங்கிலி சிக்கி, எஞ்சின் முழுவதும் போய்விட்டது.

“எத்தனை வருஷத்துக் கார்?” என்று கேட்டேன்.

“பதினாலு அங்கிள். எண்ணெய்ச் சூட்டுல வெந்து வெந்து பிஸ்கட் மாதிரி ஆயிடும்.”

என்னுடையதும் பதினாலு. 1982இல், என் தங்கையின் கணவர் கந்தையாவும் நானும் ஒரே நாளில் ஒரே கடையில் எடுத்த ஜெர்மன் கார்கள். என்னுடையது நீலம், அவருடையது வெள்ளை.

“என்ர காரிலயும் மாத்தும்,” என்றேன்.

“சத்தம் ஏதும் வருதா?”

“இல்லை.”

“அப்புறம் ஏன் அங்கிள்? நல்லா ஓடுற எஞ்சின தொறக்க எனக்கே கை வரல லா.”

“சத்தம் வாறதுக்கு முதல் மாத்துறதுக்குப் பேர்தான் முன்னெச்சரிக்கை,” என்றேன்.

இரண்டாம் நாள் கந்தையா அழைப்பிதழ் கொடுக்க பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தார். அவர் போர்ட் கிள்ளான் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். யாரும் புகார் கொடுக்காத கோப்பை ஒருநாளும் திறந்தவரல்ல. பட்டறை வாசலில் என் காரைக் கண்டார். முகப்பு கழற்றி, ரேடியேட்டர் இறக்கி, கீழே எண்ணெய்த் தட்டு வைத்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய்த் தொலைபேசியை எடுத்திருக்கிறார்.

அன்று மாலை முழுவதும் என் வீட்டில் மணி அடித்தது. சிரம்பானில் இருந்து என் பெரியம்மா மகள், “எப்ப தொடங்கின வருத்தம்? ஏன் எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லை?” என்று அழும் குரலில் கேட்டாள். எனக்குத்தான் ஏதோ நோய் வந்துவிட்டதென்று கேட்கிறாள் என்று பார்த்தால், காரைத்தான் கேட்டிருக்கிறாள். ஈப்போக்காரர் ஒருவர், இந்த வயதில் மனதைத் தளரவிடக் கூடாது என்றார்.

கடைசியாகக் கந்தையாவே பேசினார். “மச்சான், ஒண்டுக்கும் கவலைப்படாதையும். பிள்ளை என்ர காரில வரட்டும். காருக்குப் போடுற மாலைக்கு அளவும் குடுத்திட்டன்.”

“என்ர காருக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

“வருத்தம் இல்லாட்டி ஏன் ஆஸ்பத்திரியில கிடக்குது?”

“தகப்பன்ர காரில பிள்ளை போறது எங்கட வழக்கமில்லை.”

“வழியில நிக்கிறது வழக்கமோ?” என்று வைத்துவிட்டார்.

நான்காம் நாள் பக்கிரிசாமி கூப்பிட்டான். புதிய கைடுகள் பொருத்தி எஞ்சினை மூடியாயிற்று. பழையதைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தேன். கந்தையாவின் முன்னால் அதைப் போட்டால் மாலை தானாக என் காருக்கு மாறும் என்று என் எண்ணம். பக்கிரிசாமி மூன்று துண்டுகளை எண்ணெய் துடைத்து என் கையில் வைத்தான். தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறியிருந்தன. மற்றபடி ஒரு கீறல் இல்லை.

“நல்லாத்தான் இருக்கு அங்கிள்,” என்றான், செத்த வீட்டில் பேசுவது போல. பிறகு அக்கம்பக்கம் பார்த்து, “அன்னிக்கு வந்த காரோட ஒடஞ்ச துண்டு இருக்கு. வேணும்னா அத எடுத்துட்டுப் போங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி புனிதவதி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மிக்குழவியை ஒருதரம் பார்த்தாள். “மெல்லமா ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போவமே. உடையிற சாமான்தானே, ரெண்டு வருஷம் கழிச்சு உடையிறது இப்பவே உடைஞ்சதா இருக்கட்டும்.”

“முப்பத்திரண்டு வருஷத்தில நான் பொய் ரிப்போர்ட் எழுதினதில்லை.”

“அப்ப பிள்ளை வெள்ளைக் காரிலதான் போகப் போறாள்,” என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

துண்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு நீலக் காரிலேயே கிள்ளானுக்குப் போனோம். எஞ்சின் முன்பு ஓடியது போலத்தான் ஓடியது. நன்றாக இருந்ததை நன்றாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறான். அதை யாருக்குக் காட்டுவது?

கந்தையாவின் வீட்டில் பலகாரச் சூடு; கலியாணத்துக்கு முறுக்கும் பணியாரமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பதினைந்து பேருக்குக் குறையாது. வெள்ளைக் கார் மெழுகு பூசிப் போர்ட்டிகோவில் பளபளவென்று நின்றது. நான் பேப்பரை விரித்து மேசையில் வைத்தேன்.

கந்தையா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “இதுவோ மாத்தின சாமான்?”

“இதுதான்.”

“எங்க உடைஞ்சிருக்கு?”

“உடையேல்லை. உடையிறதுக்கு முதல் மாத்தினது.”

அவர் நிமிர்ந்து வீட்டையெல்லாம் பார்த்தார். “கேட்டீங்களோ? அப்பெண்டிக்ஸ் நல்லா இருக்கேக்க ஆஸ்பத்திரிக்குப் போய், வெட்டுங்கோ எண்டு படுத்த ஆள் இவர்தான்.”

முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. சுகிர்தா மட்டும், “மாமா, எனக்கு நீலந்தான் பிடிக்கும்,” என்றாள். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

“இவ்வளவு நல்ல சாமானை எறியிறதே, மச்சான்? வீட்டு உபயோகத்துக்கு ஆகும்,” என்று கந்தையா நீளமான துண்டை எடுத்துச் சட்டைக் கழுத்துக்குள் விட்டு முதுகைச் சொறியத் தொடங்கினார். கண்ணை மூடி, “ஆஹா, ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்,” என்றார்.

டக்கென்று ஒரு சத்தம்.

கந்தையா கண்ணைத் திறந்தார். கையில் பாதித்தான் இருந்தது. மிச்சம் சட்டைக்குள்ளே இறங்கி, வேட்டி மடிப்பில் தங்கி, அவர் எழுந்தபோது கீழே விழுந்து இன்னும் இரண்டாக உடைந்தது.

“அது முதலே வெடிப்பு விட்டிருந்திருக்கும்,” என்றார். இரண்டாவது துண்டை எடுத்து இரண்டு விரலால் மெல்ல வளைத்தார். அப்பளம் போல நொறுங்கியது. மூன்றாவதை அவர் தொடவில்லை.

பிறகு என் தங்கை குணபூசணி கரண்டியும் கையுமாக வந்து தரையைப் பார்த்தாள், போர்ட்டிகோவைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, எங்கட காருக்குள்ளயும் இதுதானே இருக்கு? ரெண்டும் ஒரே நாள் வாங்கினதெல்லோ?”

“அது வேற,” என்றார் கந்தையா.

“என்ன வேற?”

“எங்கடது வெள்ளை. வெள்ளைக்குச் சூடு ஏறாது.”

மூன்றாவது துண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். வாசலில் புனிதவதி, “மாலையின்ர அளவு ரெண்டு காருக்கும் ஒண்டுதானே, மச்சாள்?” என்று என் தங்கையிடம் கேட்டாள். அதுவரை அவளுக்கு இவ்வளவு நயமாகப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

கலியாணத்தன்று காலை நீலக் காருக்கு மாலை போட்டுக் கிள்ளானில் நிறுத்தினேன். சுகிர்தா பின்னால் ஏறினாள், பக்கத்தில் என் தங்கை. வெள்ளைக் காரும் மினுங்கிக்கொண்டுதான் நின்றது. கந்தையா பட்டு வேட்டியோடு அதன் கதவைத் திறந்தார். சாவியைப் போட்டார். திருகவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து என் முன் இருக்கையில் அமர்ந்தார்.

“பிள்ளையோட தகப்பன் போறதுதானே முறை,” என்றார்.

“தாராளமா,” என்றேன்.

ஷா ஆலம் தாண்டும் வரை தலையைச் சாய்த்து எஞ்சினுக்குக் காது கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரு சத்தமும் இல்லை. சுப முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகக் கோயிலில் இறங்கினோம். எங்கள் குடும்பத்தில் இன்னொரு பெண்ணும் வழியில் நிற்கவில்லை.

பக்கிரிசாமியை நான் அழைத்திருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் கந்தையா வடைத் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு அவன் இலைக்கு நேரே போனார். ஒன்று வைத்தார். அவன் வேண்டாம் என்று கையால் மறித்தும் இன்னொன்று வைத்தார். பிறகு குனிந்து, எனக்குக் கேட்கக்கூடாது என்ற குரலில் ஏதோ கேட்டார்.

பக்கிரிசாமிக்கு அந்தக் குரல் வராது. “வெள்ளைக் காரா அங்கிள்? ஏன், சத்தம் வருதா?” என்று பந்தி முழுவதும் கேட்கக் கேட்டான்.

கந்தையா நிமிர்ந்தார். எதிர்ப் பந்தியில் இருந்த என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொன்னார்:

“சத்தம் ஒண்டும் இல்லை. சும்மா... முன்னெச்சரிக்கை.”

பரிமாறியவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன். எனக்கு இனிப்பு ஆகாது என்று புனிதவதிக்குத் தெரியும். அன்று அவள் தடுக்கவில்லை.